‘பாவம்’ என்று எழுதினால் 20 காசு

தனியார் கல்லூரி ஒன்றில் தாதிமை டிப்ளோமா மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: “என் பிள்ளைகளுக்கு வயது 19, 20. வார்டில் படுத்திருக்கும் வயதானவர்கள் இவர்கள் கண்ணுக்கு ‘ஏழாம் நம்பர் கட்டில்’, ‘டயப்பர் பாட்டி’, அவ்வளவுதான். கதை, கவிதை வைத்து முதியோர் நோய்களைச் சொல்லித்தரலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா? எதைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது? மூன்று வருடப் பாடத்திட்டத்தில் அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மலாய்க்காரப் பிள்ளைகள் வேறு.”

நடக்கும். செய்து பார்த்திருக்கிறேன். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. ரப்பர் தோட்டத்து ஆயக்கொட்டகையில் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வளர்ந்து, வார்டில் பாதி, வகுப்பில் பாதி என்று ஓடி முடித்து இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஆனால் எதை வாசிப்பது என்று சொல்வதற்கு முன்னால், எதற்காக வாசிப்பது என்பதில் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. “பிள்ளைகளுக்கு இரக்கம் வரும்” என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் இதை ஆரம்பிக்கிறார்கள். இரக்கமெல்லாம் நம் பிள்ளைகளிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, தங்கச்சி. பாட்டியைப் பார்த்ததும் “ஐயோ பாவம்” என்று கன்னத்தைத் தடவுவார்கள், அப்புறம் நாலு மணி நேரம் புரட்டிப் படுக்கவைக்க மறந்துபோவார்கள். முதுகில் புண் வந்தபிறகு மறுபடி ஒருமுறை “ஐயோ பாவம்”. இல்லாத சாமான் கண்தான். கண்டதைக் கண்டபடி எழுதுகிற கையும் இல்லை. நல்ல இலக்கியம் இந்த இரண்டையும்தான் பழக்கும். இரக்கத்துக்கு அது தேவையே இல்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாட்டி. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதை, எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். காலில் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) புண்ணோடு வந்து படுத்திருந்தார். தோட்டத்து லயத்து வரிசை வீட்டை உடைத்த பிறகு மகனோடு தாமான் குடியிருப்பு வீட்டில் இருப்பவர். என் மாணவி ஒருத்தி, நல்ல சுறுசுறுப்பான பிள்ளை, நினைவாற்றல் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எந்த வருடம் பிறந்தீர்கள்? “தொரைய சுட்டாங்கல்ல, அப்ப நான் பெரியாளாகி ஆறு மாசம்.” இன்றைக்கு என்ன தேதி? பாட்டி வேறு எதையோ பேசினார். ஒரு கடிகாரம் வரைந்து காட்டுங்கள். பாட்டி பேனாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாணவி எழுதிய குறிப்பு: காலம் பற்றிய உணர்வு இல்லை, டிமென்ஷியா (மறதி நோய்) சந்தேகம். மேற்பார்வையாளர் என்று அடியில் கையெழுத்துப் போட்டவள் நான்.

மறுநாள் ரவுண்டு வந்தவர்களும் அதே சொல்லைத் தூக்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மகன் வந்து, “சிஸ்டர், அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?” என்று கேட்டபோதுதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பேசப் பேச அவர் முகத்தைத் திருப்பித் திருப்பி வலது காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தார். விளக்கைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு காதிலும் குரும்பி, கல் மாதிரி. நாலைந்து நாள் எண்ணெய்ச் சொட்டு விட்டு ஊறவைத்துக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கழுவிவிட்டார்கள். அன்று மாலை அதே மாணவி பழக்கதோஷத்தில் உரக்கக் கூப்பிட, பாட்டி, “எதுக்குடி கத்துற? எனக்கென்ன காது செவிடா?” என்றார்.

அந்த ‘துரையைச் சுட்ட’ விஷயத்தைக் கவனியுங்கள். 1948 ஜூன் 16, இதே சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்து மேனேஜர் வாக்கரைச் சுட்டார்கள், அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இருவர். அதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. பாட்டி சொன்னது தேதியைவிடத் துல்லியமான பதில். அவருடைய நாட்காட்டி நமக்குப் படிக்கத் தெரியவில்லை, அதற்கு அவருக்கு முட்டை மார்க். கடிகாரமும் அப்படித்தான். விடியற்காலைச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடம்) போன மனுஷிக்குக் கடிகார முகம் எதற்கு? பேனா பிடித்தறியாத அதே கை நாற்பது வருடம் ரப்பர் மரம் சீவும் பால் கத்தி பிடித்த கை. கத்தி ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து கத்துவான். அந்தக் கையின் நுணுக்கத்தை அளக்க நம்மிடம் படிவம் இல்லை.

சோதனைத் தாளே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-இல் எடுத்த தேசிய ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று வந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் விகிதம் அதிகம். படிப்பின்மை அந்த நோய்க்கு உண்மையிலேயே ஒரு காரணி, காது கேளாமையும் ஒரு காரணி. எழுத்தறிவை எதிர்பார்க்கும் சோதனை நம்மை ஏமாற்றுவதும் உண்மை. மூன்றும் ஒரே கட்டிலில் படுத்திருக்கும்போது எது எது என்று பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண்ணை எப்படிப் பழக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன ஒரு பாட்டு கையில் கிடைத்தது.

புறநானூறு 159. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசு கேட்டுப் போகிறார், தன் வீட்டு நிலைமையைச் சொல்கிறார். முதலில் அம்மா:

“வாழும் நாளொடு யாண்டுபல உண்மையின்
தீர்தல் செல்லாது என்உயிர் எனப்பல புலந்து
கோல்கால் ஆகக் குறும்பல ஒதுங்கி
நூல்விரித் தன்ன கதுப்பினள் கண்துயின்று
முன்றில் போகா முதிர்வினள் யாயும்”

ஐந்தே வரி. நான் வகுப்பில் செய்வது இவ்வளவுதான்: இரண்டு தரம் உரக்க வாசிப்பேன், அர்த்தம் சொல்வேன், அப்புறம் “இந்த அம்மாவை உங்கள் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். என்னென்ன தெரிகிறது?” என்று கேட்பேன். “என்ன உணர்ந்தீர்கள்?” என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் எல்லோரும் சோகம் என்பார்கள், அதோடு வகுப்பு முடிந்தது.

‘கோல் காலாக’: கைத்தடி ஊன்றுகிறார். ‘குறும்பல ஒதுங்கி’: குட்டையான அடிகள், நிறைய அடிகள். இந்த இரண்டு சொல்லுக்கே அரை மணி நேரம் போகும். குட்டை அடி எதனால் வரும்? பார்க்கின்சனா, மூட்டுத் தேய்மானமா, ஏற்கெனவே ஒருமுறை விழுந்த பயமா, கண் தெரியாததாலா? கவிஞர் நோயின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லாததுதான் நமக்கு வசதி. ‘கண்துயின்று’: பார்வை மங்கிவிட்டது. புரையா, கண் அழுத்தமா, இனிப்பு நீரா? ‘முன்றில் போகா’: வாசலுக்குக்கூட வருவதில்லை. முடியாமலா, பிடிக்காமலா? வாசல்படி எத்தனை உயரம்? ஒரு மாணவன் கேட்டான், “சிஸ்டர், கக்கூஸ் வெளியேவா உள்ளேயா?” என்று. அன்றைக்கு அவனுக்கு மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்டேன், ஏனென்றால் ராத்திரி விழுகிற முதியவர்களில் எத்தனையோ பேர் கக்கூஸுக்குப் போகிற வழியில்தான் விழுகிறார்கள்.

அப்புறம் ‘தீர்தல் செல்லாது என் உயிர்’. இந்த உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று பலமுறை நொந்துகொள்கிறார். நம் பாட்டிமார் தினமும் சொல்வதுதானே, “எமன் என்னை மறந்துட்டான்” என்று. சும்மா பேச்சுக்குச் சொல்கிறாரா, மனச்சோர்வா? ‘பல’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறார் பாருங்கள், ஒருதரம் இல்லை. அந்த இடத்தில்தான் முதியோர் மனச்சோர்வை அளக்கும் 15 கேள்விப் படிவத்தை மேசைமேல் வைப்பேன். படிவம் அதேதான், ஆனால் எந்த வாக்கியத்தைக் கேட்டால் அதை எடுக்க வேண்டும் என்பது இப்போது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ் முதுமையின் ‘பூதங்கள்’ என்று நான்கைச் சொல்லுவார்: நடமாட்டம் இழப்பது, தள்ளாடி விழுவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, அறிவு மங்குவது. ஐந்து வரியில் முதல் பூதம் நேராகவே நிற்கிறது, இரண்டாவதன் நிழல் அந்தக் குட்டை அடியில் தெரிகிறது, மூன்றாவதைக் கக்கூஸ் கேட்ட பையன் கொண்டுவந்து சேர்த்தான். பாட்டை இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடுத்து கவிஞர் மனைவியைச் சொல்கிறார்: குழந்தைகள் பிய்த்துப் பிடுங்க, குப்பைமேட்டில் முளைத்த கீரைத் தளிரைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, மோருமில்லாமல் சோற்றையே மறந்து அதைத் தின்கிறாள், உடுப்பு அழுக்கு, கிழிசல். வீட்டுக்கு வயதான நோயாளியை அனுப்பும்போது நாம் கேட்கத் தவறுகிற கேள்வி அது. பராமரிக்கப்போகிறவர் யார், அவர் என்ன தின்கிறார், அவர் தூங்கினாரா? “கேர்கிவர்: மருமகள்” என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போய்விடுகிறோம்.

அடுத்த வாரத்துக்கு 243. தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது; பூண் போட்ட கைத்தடியைப் பாட்டில் சொன்னதால் அதுவே பெயராகிவிட்டது. சின்ன வயதில் மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்கிறவர்கள் மிரள மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய இளமை எங்கே போயிற்று என்கிறார். கடைசியில்:

“தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி நடுக்குற்று
இரும்இடை மிடைந்த சிலசொல்
பெருமூ தாளரேம் ஆகிய எமக்கே”

இருமலுக்கு இடையே நெருக்கியடித்துக்கொண்டு வரும் சில சொற்கள். மூச்சுத்திணறலின் கடுமையை அளக்க நாம் என்ன சொல்லித்தருகிறோம்? முழு வாக்கியம் பேசுகிறாரா, துண்டு துண்டாகவா, ஒற்றைச் சொல்லா என்று பார்க்கச் சொல்கிறோம். அதையேதான் இந்த மனிதர் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை வாசித்த மறுவாரம் ஒரு மலாய் மாணவி, சுருட்டுப் பிடித்தே நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஒரு தாத்தாவைப் பற்றி, வழக்கமான ‘மூச்சுத்திணறல் உள்ளது’ என்பதற்குப் பதிலாக, “காலை எட்டு மணிக்கு ஐந்து சொல் பேசி இருமினார், பத்து மணிக்கு இரண்டு சொல்” என்று எழுதியிருந்தாள். டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டு, கையிலிருந்த காப்பியை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தார்.

இப்போது 20 காசு விஷயம். பாட்டு வாசித்த மறுநாள் வார்டில் ஒவ்வொருவரும் ஒரு முதியவர் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். நோயின் பெயர் வரக்கூடாது. ‘பாவம்’, ‘பரிதாபம்’, மலாயில் ‘கெசியான்’, எதுவும் வரக்கூடாது. எழுதினால் மைலோ டின்னில் 20 காசு. முதல் தவணையில் டின் கனமாகும், தீபாவளிக்கு எல்லோருக்கும் முறுக்கு வாங்குகிற அளவுக்குச் சேர்ந்த வருடமும் உண்டு. ‘பாவம்’ என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பிக்கும். “தண்ணீர்க் குவளை அவர் வலது பக்கம் இருக்கிறது, அவருக்கு வலது கை வராது” என்று ஒருத்தி எழுதினாள். ஸ்ட்ரோக் வந்தவர். எத்தனை வேளையாகக் குவளை அங்கேயே இருந்ததோ!

மலாய் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டா என்று கேட்பீர்கள். நான் வாய்வழியாக மலாயில் சொல்லிவிடுவேன், அழகாக இருக்காது, போதும். அதைவிட முக்கியம், அவர்களையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஒருமுறை நான் “வீடு போ போ என்குது, காடு வா வா என்குது” என்று நம் வீட்டுப் பழமொழியைச் சொன்னேன். பின் வரிசையில் இருந்து ஒரு பையன், “சிஸ்டர், எங்கள் பாட்டியும் இதைத்தான் சொல்லும்” என்று எழுந்தான். “ரூமா காத்தா பெர்கி, குபூர் காத்தா மாரி.” வீடு போ என்கிறது, கல்லறை வா என்கிறது. சொல்லுக்குச் சொல் அதே! வகுப்பே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. யார் யாரிடம் வாங்கினார்கள், யாருமே வாங்காமல் தானாக முளைத்ததா, தெரியாது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ‘உங்கள் பாட்டு, எங்கள் பாட்டு’ என்ற பேச்சு வரவில்லை.

ஆங்கிலத்தில் ஒன்று வேண்டுமென்றால் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன், நான்காம் அங்கம், ஏழாம் காட்சி மட்டும். முழு நாடகத்தையும் கொடுத்துப் பிள்ளைகளை விரட்டாதீர்கள். புயலில் அலைந்து புத்தி தடுமாறிய கிழவர் தூங்கி எழுகிறார். வயது எண்பதுக்கு மேல் என்கிறார், எனக்கு முழு அறிவு இல்லை என்று பயப்படுகிறேன் என்கிறார், இது எந்த இடம் தெரியவில்லை, இந்த உடுப்பு என்னுடையதா தெரியவில்லை, நேற்று எங்கே தங்கினேன் தெரியவில்லை. ஆனால் எதிரே இருப்பது தன் மகள் என்று சந்தேகத்தோடே கண்டுபிடிக்கிறார். எது போயிற்று, எது மிச்சம் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்தக் காட்சியில் ஒரு மருத்துவரும் வருகிறார் (ஒரு பழைய பதிப்பில் மருத்துவர், இன்னொன்றில் வெறும் ‘கனவான்’). அவர் செய்ததைப் பாருங்கள்: நன்றாகத் தூங்கவிட்டார், தூக்கத்திலேயே உடுப்பு மாற்றியாயிற்று, இசை, கண் திறக்கும்போது தெரிந்த முகம் எதிரே. இழந்த நாட்களை இப்போது தோண்டித் துருவிக் கேட்காதே, ஆபத்து, கொஞ்சம் நிதானப்படட்டும் என்று மகளிடம் சொல்கிறார். டெலிரியம் என்கிற திடீர்க் குழப்பத்துக்கு மருந்தில்லாமல் செய்ய வேண்டியவை என்று இன்றைக்கு நாம் எழுதிப்போடுவதில் பாதி இதிலேயே இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? ராத்திரி மூன்று மணிக்கு விளக்கைப் போட்டு ரத்த அழுத்தம் எடுத்து, “பாட்டி, இது எந்த இடம் சொல்லுங்க” என்று பரீட்சை வைக்கிறோம். திடீரென்று குழம்பினால் டிமென்ஷியா என்று முடிவுகட்டாதே, சிறுநீரில் கிருமியா, மலச்சிக்கலா, புதிய மாத்திரையா, தண்ணீர் வற்றிப்போனதா என்று பார் என்பதை இந்தக் காட்சியோடு சேர்த்துச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

பெரியாழ்வாரையும் நான் விட்டதில்லை. திருமொழியில் நான்காம் பத்தில், தளர்ச்சி வந்து என்னை வருத்தும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால்

“அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்”

என்கிறார் அரங்கனிடம். பக்திக்காக இதைக் கொண்டுபோவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். அறிவு தெளிவாக இருக்கும்போதே, வாய் பேசும்போதே, கடைசிக் காலத்தில் எனக்கு என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று சொல்லிவைப்பது. மூச்சுக் குழாய் போடலாமா, வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டுமா, யாரைக் கேட்டு முடிவெடுப்பது. இதை நம் குடும்பங்களில் பேசினால் “அபசகுனம் பிடிச்ச மாதிரி பேசாதே” என்று வாயை அடைப்பார்கள். ஆழ்வாரே பேசியிருக்கிறாரே என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள், இது வகுப்பைத் தாண்டி வார்டிலும் எனக்கு உதவியது. இதற்குப் பக்கத்தில் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட இவான் இலியிச் கதையில் ஒரு பத்தியை வைக்கலாம். அவன் கிழவன் இல்லை, 45 வயதுதான். ஆனால் சாகப்போகிறவனிடம் எல்லோரும் “நோய்தான், சரியாகிவிடும்” என்று நடிப்பதுதான் அவனுக்கு வலியைவிடப் பெரிய வதை. பொய் சொல்லாமல் அவன் காலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் ஒருவன்தான். கெராசிம் செய்தது நம் வேலை, தாதி வேலை. சொல்லிக்கொடுங்கள்.

எதைக் கொடுக்கக்கூடாது என்றும் கேளுங்கள். முதியோர் இல்லத்தில் தள்ளப்பட்ட தாய், பிள்ளையின் போட்டோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டே செத்துப்போனாள் மாதிரி வாட்ஸாப்பில் சுற்றும் கதைகள் வேண்டவே வேண்டாம். அதில் மகன் அரக்கன், தாய் தெய்வம், நோய் என்ன என்று யாருக்கும் அக்கறை இல்லை. அதை வாசித்த பிள்ளை வார்டுக்குப் போய், மூன்று நாளாக வராத மகனை முறைக்கும். அவன் சிங்கப்பூரில் இரட்டை ஷிப்டு பார்த்து அனுப்புகிற காசில்தான் அந்த அம்மாவுக்கு மருந்து என்பது அதற்குத் தெரியாது. 90 வயதில் மலை ஏறினார் கதையும் அதே அளவுக்குக் கெடுதல், ஏறாதவர்கள் எல்லாம் சோம்பேறி என்றாகிவிடும்.

அதற்கு மாற்றாக நோயாளியிடமே கேட்கச் சொல்லுங்கள். ஒரு தாலாட்டு, ஒரு விடுகதை, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதை. பேச்சு போன ஸ்ட்ரோக் நோயாளிகளில் சிலர் ஒரு சொல் வராதபோதும் பாட்டு பாடிவிடுவார்கள், அதை அடிப்படையாக வைத்தே 1973-இல் ஒரு பேச்சுப் பயிற்சி முறை வந்தது. நான் கண்ணால் பார்த்தது, “தண்ணி” என்று கேட்க முடியாத ஒருவர், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள் வெள்ளிக்கிழமை தேவாரம் பாடியபோது கூடவே இரண்டு வரி சேர்ந்து பாடினார். மாணவிகள் ஓடிவந்தார்கள். பாடிவிட்டு அவரே திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார்.

மேலதிகாரி “இதெல்லாம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் சொல்வதற்கு: அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷி மருத்துவக் கல்லூரி 1972-லேயே இலக்கியப் பேராசிரியர் ஒருவரை வேலைக்கு எடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரோன் என்ற மருத்துவர் இதை ‘கதைசார் மருத்துவம்’ என்று ஒரு துறையாகவே 2000-இல் தொடங்கினார். ஆஸ்பத்திரிச் சார்ட்டில் எழுத இடமில்லாததைச் சாதாரண மொழியில் தனித்தாளில் எழுதவைக்கும் ‘இணைச் சார்ட்’ அவருடைய வழி. என் ஐந்து வாக்கியம் அதன் ஏழை உறவு. ஆனால் பெரிதாக அளக்காதீர்கள். இந்தத் துறை ஆய்வுகள் பலவும் சின்னக் குழுக்களை வைத்து, வகுப்பு முடிந்த கையோடு பிள்ளைகளே நிரப்பிய படிவத்தை வைத்துச் செய்தவை. ஐந்து வருடம் கழித்து அந்தத் தாதி எப்படி இருக்கிறாள் என்று பின்தொடர்ந்தவை குறைவு. அதனால் ‘பரிவு மதிப்பெண்’ கூடியதா என்று நான் அளந்ததில்லை. தவணை ஆரம்பத்தில் எழுதிய குறிப்பையும் முடிவில் எழுதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வித்தியாசம் தெரியும், சிலரிடம் தெரியாது. எல்லோரிடமும் வேலை செய்யாது, சரியா?

இரண்டு எச்சரிக்கை. எழுதிய தாளில் பெயர், கட்டில் எண், தோட்டத்தின் பெயர் எதுவும் இருக்கக்கூடாது, வகுப்பு முடிந்ததும் நான் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுவேன். ஒரு பிள்ளை தன் ஐந்து வாக்கியத்தை அழகாக இருக்கிறதென்று இணையத்தில் போட்டு, நோயாளியின் பேத்தி அதைப் படித்து வந்து நின்ற கதையெல்லாம் நடந்தாயிற்று. இன்னொன்று, பிள்ளைகளுக்கும் பாட்டி தாத்தா உண்டு. 243 வாசிக்கும்போது ஒருவன் எழுந்து வெளியே போனான். நாற்பது நாளைக்கு முன்னால்தான் தாத்தா போயிருந்தார். பின்னால் போய் இழுத்துவந்து “மனதில் உள்ளதைப் பகிர்ந்துகொள்” என்று நான் படுத்தவில்லை. கேண்டீனில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவனே வந்து உட்கார்ந்தான்.

நேரம் எங்கே என்று கேட்டீர்கள். தனி வகுப்பு கேட்டு யாரிடமும் மனுப்போடாதீர்கள், கிடைக்காது, கிடைத்தாலும் பரீட்சையாக்கிவிடுவார்கள். முதியோர் பராமரிப்புப் பாடத்தில் ‘நடை, விழுதல்’ வருகிற நாளில் முதல் 20 நிமிடம் 159. ‘மூச்சு’ வருகிற நாளில் 243. ‘திடீர்க் குழப்பம்’ வருகிற நாளில் லியர். கடைசி வாரம் ஆழ்வார். தாளில் அச்சடித்துக் கொடுங்கள், ஸ்லைடில் போடாதீர்கள், பிள்ளைகள் தாளில்தான் கோடு போடுவார்கள். மைலோ டின்னை மறக்காதீர்கள், அதில் முதல் 20 காசு அநேகமாக உங்களுடையதாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.